உம்மு குல்தூமின் கறுப்புக் கண்ணாடியும் பெரியப்பாவின் ஒலிநாடாக்களும்

ஒஷாவாவில் மோட்டார் வண்டிக்கென ஓர் அருங்காட்சியகம் உண்டு. சிம்கோ வீதியில், 1920களில் கார் விற்பனை நிலையமாக விளங்கிய பழைய கட்டடமொன்றில் அது அமைந்துள்ளது. குதிரை வண்டி செய்து பெயர் பெற்ற மக்லாஃப்லின் குடும்பத்தினர் 1907இல் மோட்டார் வண்டித் தொழிலுக்கு மாறினர். 1918இல் அத்தொழில் ஜெனரல் மோட்டர்ஸ் நிறுவனத்தின் கனடியக் கிளையாயிற்று. இந்நகரத்துக்குச் சோறு போட்டது இயந்திரம். ஆதலால் இயந்திரத்தைத் துடைத்து மினுக்கி, கயிறு கட்டி, பெயர்ப்பலகை வைத்துக் காத்து வருகிறார்கள். அதில் குறை காண இடமில்லை.

ஆனால் ஒரு குரலுக்கு அருங்காட்சியகம் அமைக்க முடியுமா? இந்தக் கேள்வியை என்னுள் எழுப்பியவர், ஒஷாவாவிலுள்ள மோட்டார் உதிரிப்பாகத் தொழிற்சாலை ஒன்றில் என்னோடு இரவு வேலை செய்யும் எகிப்தியர் ஒருவர். அறுபதை அண்டியவர். நைல் நதியின் கழிமுகப் பகுதியைச் சேர்ந்தவர். நான் ஊரில் பல்கலைக்கழக விரிவுரையாளனாக இருந்தவன் என்று யாரோ சொல்லிவிட்டதிலிருந்து என்னை "உஸ்தாத்" என்றே அழைப்பார். ஆசிரியரை மரியாதையாக விளிக்கும் சொல் அது. பெட்டி தூக்கும் இடத்தில் அச்சொல்லைக் கேட்பது எனக்குச் சற்றுக் கூச்சமாகவே இருக்கும்.

வியாழக்கிழமை இரவுகளில் உணவு இடைவேளையின்போது அவர் தமது கைத்தொலைபேசியை மேசைமேல் வைத்து ஒரே பாடகியையே கேட்பார். முதன்முறை நானும் அருகில் அமர்ந்து கேட்டேன். வாத்தியங்கள் மட்டுமே பல நிமிடங்கள் ஒலித்தன. பின்னர் பெண் குரலொன்று எழுந்தது. ஒரே அடியைத் திருப்பித் திருப்பி, ஒவ்வொரு முறையும் வேறொரு வழியால் பாடியது. இருபது நிமிட இடைவேளை முடிந்து மணி அடித்தது. அம்மையார் முதலடியை விட்டு இன்னும் நகரவில்லை! நண்பர் தொலைபேசியை மெல்ல அணைத்துவிட்டு, "வியாழன் என்றால் அஸ்-ஸித்" என்றார். 'அஸ்-ஸித்' என்றால் 'அம்மணி'. அரபுலகில் அடைமொழி ஏதுமின்றி அம்மணி என்றால் அது உம்மு குல்தூம் ஒருவரையே குறிக்கும்.

உம்மு குல்தூம் நைல் கழிமுகத்திலுள்ள தமாய் அஸ்-ஸஹாய்ரா என்னும் சிற்றூரில் பிறந்தவர். பிறந்த ஆண்டை 1898 என்போரும் 1904 என்போரும் உளர். தந்தையார் கிராமத்துப் பள்ளிவாசலில் இமாமாக இருந்தவர். திருமண வீடுகளிலும் சமய விழாக்களிலும் பாடிக் கிடைத்த சொற்பத்தால் குடும்பத்தின் வறுமையைச் சற்றுத் தணித்தவர். அவர் மகனுக்குப் பாட்டுச் சொல்லிக் கொடுக்கும்போது, ஒதுங்கி நின்று கேட்டே சிறுமி எல்லாவற்றையும் மனனம் செய்துகொண்டாள். பெண்பிள்ளையை மேடையேற்ற அஞ்சிய தந்தை அவளுக்கு நாடோடிச் சிறுவனின் உடையை அணிவித்துப் பாடவைத்தார். இவ்விடத்தில் எனக்கு எங்கள் கொடுமுடி கே.பி. சுந்தராம்பாள் நினைவுக்கு வந்தார். கிட்டப்பா 1933இல் மறைந்தபின் வெண்சேலை பூண்டு, 1935இல் வெளிவந்த 'நந்தனார்' திரைப்படத்தில் ஆண் வேடமேற்றுப் பாடியவர் அவர். எங்கெங்கும் பெண் குரல் சபைக்கு வருவதற்கு ஏதோ ஒரு வேடம் தேவைப்பட்டிருக்கிறது.

1920களின் தொடக்கத்தில் கெய்ரோ நகருக்குக் குடிபெயர்ந்த உம்மு குல்தூம் பத்தாண்டுகளுக்குள் தலைநகரின் முதன்மைப் பாடகியானார். 1934இல் எகிப்திய அரச வானொலி தொடங்கப்பட்டபோது அதில் பாடியவர்களுள் அவரும் ஒருவர். அதன்பின் ஒவ்வொரு மாதமும் முதல் வியாழக்கிழமை இரவு அவரது கச்சேரி நேரடியாக ஒலிபரப்பாகும் வழக்கம் ஏற்பட்டு, பல பத்தாண்டுகள் நீடித்தது. மொரோக்கோவிலிருந்து ஈராக் வரை கோப்பிக் கடைகளில் மக்கள் வானொலிப் பெட்டியைச் சுற்றி அமர்ந்திருப்பர், தெருக்கள் வெறிச்சோடிவிடும். ஒரு பாட்டு ஒரு மணித்தியாலம் நீள்வது சாதாரணம். நண்பர் வியாழக்கிழமையைத் தேர்ந்தெடுத்த காரணம் எனக்கு அப்போதுதான் விளங்கிற்று. அவருடைய தகப்பனார் கேட்ட கிழமை அது.

கடந்த ஆண்டு சென்னையில் வசிக்கும் என் தாயாரைக் காணப் புறப்பட்டபோது, கிடைத்த மலிவான பயணச்சீட்டு என்னைக் கெய்ரோவில் ஒரு பகலும் ஓர் இரவும் தங்கவைத்தது. பிரமிட்டைப் பார்க்கவில்லையா என்று பின்னர் வீட்டார் கடிந்துகொண்டனர். நண்பர் ஒரு காகிதத்தில் அரபு எழுத்தில் முகவரி எழுதித் தந்திருந்தார். வாடகைக் காரோட்டி அதைப் படித்ததும் முகம் மலர்ந்து, வழி நெடுகிலும் பாடிக்கொண்டே வந்தார்.

நைல் நதியின் நடுவே ரோடா என்றொரு தீவு. அதன் தென்முனையில் மனஸ்தர்லி மாளிகை நிற்கிறது. 1851இல் பிரபு ஒருவர் கட்டியது. அதன் வளாகத்திலுள்ள கட்டடமொன்றில்தான் 2001 டிசம்பரில் உம்மு குல்தூம் அருங்காட்சியகம் திறக்கப்பட்டது. பக்கத்திலேயே கி.பி. 861இல் அமைக்கப்பட்ட நைல் மானி இருக்கிறது. ஆழக் கிணறு போன்ற குழியின் நடுவே கோடுகள் செதுக்கிய கற்றூண் ஒன்று. வெள்ளம் எந்தக் கோட்டைத் தொடுகிறதோ அதைப் பார்த்து அவ்வாண்டு விளைச்சலை மதித்து, குடிமக்களின் வரியைத் தீர்மானித்தார்களாம். 1970இல் அஸ்வான் உயர் அணை முடிந்தபின் ஆற்றில் பழைய வெள்ளமும் இல்லை, தூணுக்கு வேலையும் இல்லை.

அருங்காட்சியகம் நான் எண்ணியதைவிடச் சிறியது. உள்ளே நுழைந்தவுடன் கண்ணிற்படுவது ஒரு கறுப்புக் கண்ணாடி. சட்டத்தில் வைரக்கற்கள் பதித்தது. கேடயச் சுரப்பி நோயினால் கண்கள் பாதிக்கப்பட்ட அவருக்கு மேடை விளக்குகளின் ஒளி தாங்க முடியாதிருந்தது. பிணியை மறைக்க அணிந்ததே பிற்காலத்தில் அவரது அடையாளமாயிற்று. அருகே, பாடும்போது கையிற் பற்றியிருக்கும் பட்டுக் கைக்குட்டை. சுவரோரப் பேழைகளில் மேடையில் உடுத்திய நீண்ட உடைகள், அரசர்களும் குடியரசுத் தலைவர்களும் அணிவித்த பதக்கங்கள், கடிதங்கள், புகைப்படங்கள், பத்திரிகை நறுக்குகள். ஒரு சிறு கூடத்தில் அவரது வாழ்க்கை பற்றிய குறும்படம் ஓடுகிறது. பாடசாலைப் பிள்ளைகள் சிலர் அதன் முன் அமர்ந்து வேறேதோ பேசிச் சிரித்துக்கொண்டிருந்தனர்.

பட்டாடைகளைவிட என்னை நெடுநேரம் நிறுத்திவைத்தது ஒரு கடவுச்சீட்டு. எகிப்திய அரசு அவருக்கு வழங்கிய இராஜதந்திரக் கடவுச்சீட்டு அது. கடவுச்சீட்டின் அருமை எம்மவருக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. வேறொருவர் பெயரில் ஒன்றைச் சுமந்தவர்களும், விமானத்திலேயே கிழித்தெறிந்தவர்களும் எம்மவருள் உளர். மடித்து மடித்து நைந்துபோன அகதிக் கோரிக்கைக் காகிதத்தை ஆண்டுக்கணக்காகச் சட்டைப்பையில் காவித் திரிந்தவன் நான். பாடியதற்காக ஒரு நாடு ஒருத்திக்குத் தன் தூதுவரின் கடவுச்சீட்டைக் கொடுத்திருக்கிறது. அந்தப் பேழையின் முன் எனக்கு உண்டான உணர்ச்சி பொறாமை என்றுதான் சொல்ல வேண்டும்.

அரசுகளின் அன்பு என்றும் அப்படியே இருந்ததில்லை. 1952 புரட்சியின் பின், மன்னர் பாரூக்கின் முன்னிலையில் பாடியவர் என்ற காரணத்தால் அவரது பாடல்கள் வானொலியில் சிறிது காலம் நிறுத்தப்பட்டதாகவும், நாசர் தலையிட்டே தடையை நீக்கியதாகவும் சொல்வர். எந்தக் குரல் வானலையில் வரலாம், எது வரக்கூடாது என்று ஆட்சியாளர் தீர்மானிக்கும் காட்சி எமக்குப் புதியதன்று. அவருக்கு வாய்த்தது மீட்சி. 1967 போரில் எகிப்து தோற்றபின் அவர் நாடு நாடாகச் சென்று பாடி, திரட்டிய பணத்தை அரசுக்கு அளித்தார். அவ்வாண்டு நவம்பரில் பாரிஸ் நகரின் ஒலிம்பியா அரங்கில் இரண்டு இரவுகள் பாடினார். அரபுலகுக்கு வெளியே அவர் நிகழ்த்திய கச்சேரிகள் அவை. பிரான்சில் கூலி வேலை செய்த வட ஆபிரிக்கத் தொழிலாளர் பலர் அங்கு வந்திருந்தனர். லா சப்பல் வாசகர்கள், தங்கள் அயலவரான அல்ஜீரிய முதியவர்களிடம் ஒருமுறை இதைக் கேட்டுப் பார்க்கலாம்.

முந்திய ஆண்டில், அதாவது 1966இல், அவர் பாடிப் பெரும்புகழ் பெற்றது 'அல் அத்லால்'. இப்ராஹிம் நாஜியின் கவிதைக்கு ரியாத் அஸ்-ஸுன்பாத்தி இசையமைத்தது. தலைப்பின் பொருள் 'இடிபாடுகள்'. பழைய அரபுக் கவிஞர், காதலியின் குடும்பம் கூடாரத்தைப் பிரித்துக்கொண்டு போய்விட்ட வெற்றிடத்தில் நின்று, அடுப்புக் கரியையும் அகழி வரம்பையும் பார்த்துப் பாட்டைத் தொடங்குவது மரபு. தமிழ் கற்பித்தவன் என்ற முறையில் எனக்குப் பாலைத் திணை நினைவுக்கு வந்தது. எனினும் அது பொருத்தமில்லை. பாலையில் வழி உண்டு, போகிறவன் உண்டு. அரபுக் கவிஞன் பாடுவது, எல்லோரும் போய்விட்ட வீட்டை. எங்களில் யார் இன்று ஊருக்குப் போய் வந்தாலும் முதலில் அனுப்பும் புகைப்படம் அதுதான்: கூரையற்ற சுவர், நடுவீட்டில் முளைத்த மரம்.

வெளியேறும்போது காவலாளி எந்த நாடு என்று விசாரித்தார். கனடா என்றேன், என் முகத்தைப் பார்த்து நம்பவில்லை. "இந்தியா? அமிதாப் பச்சன்!" என்று மகிழ்ந்தார். ஈழத்தை விளக்க அங்கு மொழியும் இல்லை, நேரமும் இல்லை. ஆதலால் அமிதாப் பச்சனை ஏற்றுக்கொண்டேன். உம்மு குல்தூமின் வீடு எங்கே என்று கேட்டேன். கையால் தட்டையாக ஒரு சைகை செய்தார். ஸமாலிக் தீவில் நைலை நோக்கியிருந்த அவரது இல்லம் அவர் மறைந்த சில ஆண்டுகளில் இடிக்கப்பட்டுவிட்டது. அவ்விடத்தில் எழுந்த உயர்ந்த கட்டடத்திலுள்ள விடுதி அவரது பெயரைத் தாங்குகிறது. 1975 பெப்ரவரி 3ஆம் நாள் அவர் காலமானபோது, கெய்ரோ மக்கள் திரள் அவரது சவப்பெட்டியைப் பறித்தெடுத்து, அரசு வகுத்த பாதையை விட்டு விலகி, மணிக்கணக்காகத் தோளில் சுமந்து சென்றது. அத்தகையவரின் வீட்டைக்கூடக் காக்க முடியவில்லை! எஞ்சியவற்றை வேறொருவருடைய மாளிகையின் ஓரத்தில் வைத்திருக்கிறார்கள். ஆனால் பாட்டு முழுமையாக இருக்கிறது. கச்சேரிகள் ஒலிப்பதிவாயின, அந்த ஒலிநாடாக்களை வானொலி எறியவில்லை.

இங்கேதான் என் மனம் ஸ்காபரோவில் ஒரு நிலக்கீழ் அறைக்குத் தாவியது.

எங்கள் பெரியப்பா 1988இல் கனடா வந்தவர். அவர் காலமானபின் பெரியம்மா வீட்டை விற்று, விற்பியிலுள்ள மகளோடு போய் இருக்கத் தீர்மானித்தார். சாமான் ஒதுக்க உதவிக்குப் போயிருந்த என்னிடம் ஒரு டேனிஷ் பிஸ்கற் ரின்னை நீட்டினார். "தம்பி, இதை எறியிறதோ வைக்கிறதோ எண்டு தெரியேல்லை. உங்கட கொப்பற்றை எழுத்துக் கிடக்கு. எறிய மனம் வரேல்லை," என்றார். உள்ளே ஐந்து ஒலிநாடாக்கள். மேலே நீலப் பேனாவில் என் தந்தையின் சாய்ந்த எழுத்து: மயான காண்டம் 1, 2, 3…

இளைய வாசகர்களுக்கு ஒரு சொல். காங்கேசன்துறை நடிகமணி வி.வி. வைரமுத்து யாழ்ப்பாணத்து இசைநாடக மேடையின் மன்னர். 'அரிச்சந்திர மயான காண்டம்' அவரது உயிர் நாடகம். கோயில் வீதிகளிலும் வயல்வெளிக் கொட்டகைகளிலும் ஆயிரக்கணக்கான தடவைகள் அதை நடித்தவர். சுடலை காக்கும் அரிச்சந்திரனாக அவர் பாடத் தொடங்கினால் சனம் பாயை விட்டு எழும்பாது. பிடித்த பாட்டென்றால் "வன்ஸ்மோர்" என்று கூவுவார்கள். அவரும் மீண்டும், மற்றொரு விதமாகப் பாடுவார். 1989இல் மறைந்தார். அடுத்த ஆண்டே காங்கேசன்துறையும் சுற்றுப்புறமும் ஆளற்றுப் போயின. அவரது பாட்டைத் தங்கள் ரேப்புகளில் பிடித்து வைத்திருந்த குடும்பங்கள் அன்று கையிற் கிடைத்ததோடு ஓடின. 1995 ஒக்ரோபர் இடப்பெயர்வில் மறுபடியும் ஓடின. யாழ். நூலகத்தில் 1981இல் எரிந்த ஏறத்தாழ 97,000 நூல்களுக்குக் கணக்கு இருக்கிறது. ஓடிய வழியில் விட்ட ஒலிநாடாக்களைக் கணக்கிட்டார் யாருமில்லை.

சீமெந்துத் தொழிற்சாலையில் வேலை செய்த என் தந்தை அந்த நாடாக்களைத் தம் தமையனிடம் கொடுத்துவிட்டது, திரும்பி வரும்போது கொண்டுவருவார் என்ற எண்ணத்தில். ஊரில் பெட்டகத்தில் பத்திரமாக வைத்தவை போயின. பிரயாணப் பையில் புறப்பட்டவை மிஞ்சின.

பாட்டைக் கேட்பதற்கு நாங்கள் பட்ட பாட்டையும் சொல்ல வேண்டும். 1990இன் பின் யாழ்ப்பாணத்தில் மின்சாரம் இல்லை. பற்றரி தடை செய்யப்பட்ட பொருள். சைக்கிளை ஸ்ராண்டில் நிறுத்தி, பெடலைக் கையால் சுற்றி, டைனமோவிலிருந்து இரண்டு வயர் இழுத்து வானொலிக்குக் கொடுப்போம். சுற்றுகிற கை தளர்ந்தால் பாடகரின் குரலும் தளரும். பன்னிரண்டு வயதில் செய்திக்கு அரை மணித்தியாலம் நானே சுற்றியிருக்கிறேன். பின்பு பாட்டுக்கு அண்ணன் மாறுவான். ஒஷாவா நண்பருக்கு இதைச் சொன்னபோது அவர் சிரிக்கவில்லை. தமது ஊரில் வானொலி இருந்த ஒரே கடைக்குத் தகப்பனார் நடந்து போய் வந்த தூரத்தைச் சொன்னார்.

கெய்ரோவிலிருந்து திரும்பியதும் பிஸ்கற் ரின்னைத் திறந்தேன். வீடுகளில் இத்தகைய நாடாக்கள் வைத்திருப்போர் பலர் என்பதால், நான் கற்றதைக் கூறுகிறேன். எடுத்த எடுப்பில் இயந்திரத்தில் போட வேண்டாம். பழைய முறைப்படி பென்சிலைச் செருகிச் சுழற்றிப் பாருங்கள். இறுக்கமாக இருந்தால் நிறுத்துங்கள். நாடாவின் விளிம்பில் வெள்ளைப் பொடி தெரிந்தால் அது பூஞ்சணம். நிலக்கீழ் அறையின் ஈரத்தால் வருவது, மற்ற நாடாக்களுக்கும் தொற்றும். நாடாவை இயந்திரத்தின் தலையோடு அழுத்திப் பிடிக்கும் சிறு கம்பளித் துண்டு, ஒட்டியிருந்த பசை காய்ந்து விழுந்திருக்கக்கூடும். அப்படியானால் குரல் சேற்றில் புதைந்ததுபோல் கேட்கும். கூடு ஐந்து சிறு திருகாணிகளால் பூட்டப்பட்டதாயின் கழற்றி, இரு சுருள்களையும் புதிய நாடாவொன்றின் கூட்டுக்கு மாற்றிவிடலாம். தொண்ணூறு நிமிட நாடா அறுபது நிமிட நாடாவைவிட மெல்லியது. இழுபடும், அவதானம் தேவை. கணினியில் பதியும்போது ஒலியைச் சுருக்காமல் ஒரு பிரதி வைத்திருங்கள். 2005 முதல் ஈழத்து நூல்களையும் பத்திரிகைகளையும் மின்வடிவில் காத்துவரும் நூலகம் நிறுவனம் ஒலி ஆவணங்களையும் சேர்த்து வருகிறது. ஒரு பிரதி அங்கு போனால், அடுத்த முறை வீடு மாறும்போது மனம் பதற வேண்டியதில்லை.

முதலாவது நாடா பாடியது. ஆர்மோனியத்துக்கு முன்பே ஒரு இரைச்சல். லைற் மெசினின் சத்தம். அதன் மேல் ஓர் ஆண் குரல், ஒலிவாங்கிக்கு மிக அருகில், "பிடிக்குதோ? சிவப்பு லைற் எரியுதோ?" என்று கேட்டது. 2004இல் காலமான என் தந்தை. அதன்பின் அவர் பேசவில்லை. பாட்டின் நடுவே இரண்டு இடங்களில் இருமினார், அவ்வளவே.

வியாழன் இரவு இடைவேளையில் அதை நண்பருக்குப் போட்டுக் காட்டினேன். தமிழ் ஒரு சொல்லும் அறியாதவர். சுடலை, அரசன், இறந்த பிள்ளை என்று கதையைச் சுருக்கிச் சொல்லியிருந்தேன். கூட்டம் "வன்ஸ்மோர்" என்று கூவி, வைரமுத்து அவர்கள் அதே அடியை மேலே ஏற்றிப் பிடித்த இடத்தில், நண்பர் கண்ணை மூடி, கையை உயர்த்தி, "அல்லாஹ்!" என்றார். உம்மு குல்தூமின் கச்சேரிப் பதிவுகளில் சபையோர் எழுப்பும் அதே ஒலி. மணி அடித்தது. அணைக்க வேண்டாம் என்று சைகை செய்து, கையுறையை மாட்டிக்கொண்டே நின்றார்.

ஞாயிறன்று சென்னைக்கு அழைத்து, தொலைபேசியைப் பெட்டியருகில் பிடித்தேன். அம்மா நெடுநேரம் ஒன்றும் பேசவில்லை. பின்னர், "உங்கட அப்பா ரேப்புக்குள்ளையும் இருமிக்கொண்டுதான் இருக்கிறார்," என்றார். சற்றுக் கழித்து, "இன்னொருக்காப் போடு."

இரண்டாவது, ஐந்தாவது நாடாக்களும் பதிவாகிவிட்டன. நான்காவதில் பூஞ்சணம் கூட, துடைத்து உலரவிட்டிருக்கிறேன். மூன்றாவது நடுவில் அறுந்திருக்கிறது. அதை ஒட்டுவதற்கான மெல்லிய நாடா இன்னும் கைக்கு வரவில்லை.